வீடு இல்லாத சமையல்காரன்

அபூசாலிக்கு ஓரிடத்தில் நிற்க வராது. கல்முனையில் ஐந்நூறு பேர் சாப்பிடும் கலியாணத்துக்குச் சோறாக்குகிறவன், அடுப்பை மூட்டிவிட்டு அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருப்பான். 1981இல் அந்த நடை இன்னும் வேகம் பிடித்தது. நதீரா, கமீலா என்று இரண்டு பெண்பிள்ளைகள். பெண்ணைக் கட்டிக்கொடுப்பதென்றால் அவள் பெயரில் ஒரு வீடும் கொடுக்க வேண்டும். ஊர் வழமை அது. கலியாணச் சோறு ஆக்கி இரண்டு வீடு எழுப்புவது நடக்கிற காரியமா?

அந்த நேரத்தில்தான் கப்பலில் வேலை பார்க்கும் கூட்டாளி மீராசா கடிதம் போட்டான். ஸ்பானியக் கப்பல் ஒன்றுக்குச் சமையல்காரன் தேவையாம். கொழும்பில் ஆள் எடுக்கிறார்களாம். அவர்களுடைய மொழி கொஞ்சம் கதைத்தால் வேலை நிச்சயமாம். கூடவே ஒரு கொப்பி. ஆட்கள் மாற்றிச் சொல்லித் திட்டு வாங்கும் வினைச்சொற்களை அதில் எழுதியிருந்தான்.

அட, அந்தச் சொற்கள் படுத்திய பாடு! நாம் 'கேள்' என்ற ஒன்றை வைத்தே காலம் தள்ளுகிறோம். அவர்களுக்கோ உப்புக் கேட்டால் பெதிர், மணி எத்தனை என்று கேட்டால் பிரெகுந்தார், பள்ளிவாசல் பாங்கு காதில் கேட்டால் ஒயிர். சமைக்கத் தெரியும் என்றால் சபேர். மீராசாவைத் தெரியும் என்றால் கொனொசேர். அபூசாலி சமையல்காரனாக இருப்பது செர். களைத்துப்போய் இருப்பது எஸ்தார். சைக்கிளில் மருதமுனைக்குப் போகும்போதும் வாய் முணுமுணுத்தது. வெங்காயம் உரிக்க வந்தவர்கள் அவன் ஏதோ ஓதுகிறான் என்று பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

"மூளை கலங்கிப் போயிரும், கொஞ்சம் உறங்குங்க," என்றாள் மனைவி சுபைறா.

"கலங்கினாக் கலங்கட்டும் புள்ள. இத மாத்திச் சொன்னா வேல போச்சு."

கொழும்பில் ஒரு சொல் பிசகவில்லை. கப்பல் அதிகாரி தலையாட்டினார். பக்கத்தில் இருந்த எழுத்தர் நல்லரெத்தினம் கல்முனைக்குப் பக்கத்துப் பாண்டிருப்புக்காரர்; அவர் முகத்திலும் சிரிப்பு. பேனையைத் திறந்த அதிகாரி கடைசியாக ஒன்று கேட்டார்: உனக்கு வீடு இருக்கிறதா?

"நோ," என்றான் அபூசாலி, பளிச்சென்று. "பீபோ என் லா காஸா தே மி முஹேர்." மனைவியின் வீட்டில் வசிக்கிறேன். நம்முடைய ஊரில் கலியாணம் முடித்த எந்த ஆம்பிளை வேறு பதில் சொல்வான்? சுபைறாவின் வாப்பா அவளுக்கு எழுதிக் கொடுத்த வீடு அது.

அதிகாரி பேனையை மூடினார்.

வெளியே வந்து நல்லரெத்தினம்தான் விளக்கினார். "வீடு வாசல் இல்லாதவன் முதல் துறைமுகத்திலேயே இறங்கி ஓடிருவான் எண்டு நினைச்சிற்றார் தம்பி. நம்மட வழமைய எவ்வளவோ சொல்லிப் பாத்தன், அவர்ர மண்டையில ஏறல்ல."

பஸ்ஸில் அபூசாலி ஒரு சீட்டில் இருக்கவில்லை. பிள்ளைக்கு வீடு கட்டப் போனவனை வீடு இல்லை என்று துரத்திவிட்டார்களே!

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சுபைறாவிடம் சொன்னான். அவள் கேட்டாள்:

"'என்ட ஊடு' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

சுபைறாவின் கண் நிறைந்துவிட்டது.

"பதினெட்டு வருஷமா இஞ்சதானே இருக்கிறீங்க," என்றாள். "அது பொய்யா?"