டுவா பிஜி

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. அப்பாவுக்கு வந்த நோயின் மீது அல்ல. அதை யாருமே அவரிடம் தமிழில் சொல்லாததன் மீது.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, கேட்டில் காவல் வைத்திருந்தார்கள். ரப்பர் மரம் வெட்டிப் பால் இறக்கப் போகிறவர்கள் சோறுகூடக் கொண்டுபோக முடியாது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். அப்பாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டபோது தோட்டத்து லாரியில் மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குழாய் போட்டு நீரை இறக்கினார்கள். மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் புற்று என்று எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸர் பிறகு என்னிடம் சொன்னார். அதற்குமேல் கேட்டதற்கு, பெண்பிள்ளையிடம் சொல்லும் விஷயமில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் வகுப்போடு பால்வாளி தூக்கப் போனவள் நான். பாதி தெரிந்தால் போதும், மீதியை என் மனமே கெட்டதாக இட்டு நிரப்பிக்கொள்ளும்.

அப்பாதான் நிம்மதியாக இருந்தார். வெள்ளைக்கார டாக்டர் வந்த அன்று தமிழ் பேசும் ஆள் லீவாம். வார்டுச் சிப்பந்தி மலாயில் கேட்டிருக்கிறான்: "அம்பில் டுவா பிஜி, போலே?" இரண்டு பிஜி எடுக்கலாமா என்று. அப்பா 'போலே, போலே' என்று தலையாட்டிவிட்டார். பாசார் கடையில் எங்களுக்கு எண்ணி வாங்குவதெல்லாம் பிஜி; முட்டையும் பிஜி, மாங்காயும் பிஜி, மாத்திரையும் பிஜி. தினம் இரண்டு மாத்திரை எடுத்துக்கொண்டால் தீர்ந்தது என்று அவர் நினைப்பு. ஏன் இன்னும் கொடுக்கவில்லை, போய்க் கேள் என்று என்னை விரட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த கட்டிலில் சுங்கை ரம்பாயில் மளிகைக்கடை வைத்திருந்தவர் ஒருவர் படுத்திருந்தார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அண்ணே, அவங்க குடுக்கிறதுக்குக் கேக்கலலா. எடுக்கிறதுக்குக் கேட்டாங்க. உங்ககிட்ட இருக்கிற ரெண்டத்தான்."

அப்பா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். மகள் பக்கத்தில் நிற்கிறேனே. சிரித்தவரும் என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தார்.

தோட்டத்திலிருந்து வந்திருந்த டிரெஸர் வராந்தாவில் நின்றிருந்தார். நான் விடவில்லை. வேறு வழியில்லாமல் சொன்னார். ஆண்களின் விதை இரண்டிலும் ஊறுவதைத் தின்றுதான் இந்தப் புற்று வளர்கிறதாம். அறுத்து எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் ஊறவிடாமல் அடக்க மாத்திரை உண்டு. ஆனால் விடாமல் விழுங்க வேண்டும், கால் வீங்கலாம், பெண்களைப் போல மார்பு வளரலாம்.

"அப்ப மாத்திரையப் பத்தி ஏன்யா அப்பாகிட்ட சொல்லல?"

"மொத்தமா மருந்து கேட்டுக்குள்ள கொண்டுவர விடமாட்டாங்கம்மா. காட்டுக்குப் போகுதான்னு கேப்பாங்க, நான்தான் பதில் சொல்லணும். ஆபரேஷன்னா ஒரு தடவையோட போச்சு. தோட்டத்துத் தொரையும் அதான் நல்லதுன்னாரு."

அரிசியை அளந்து கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம். அந்தி சாய்ந்தால் வெளியே வராதே என்றார்கள், அடைந்து கிடந்தோம். என் அப்பாவின் மடிக்குள்ளுமா துரை தீர்ப்புச் சொல்வார்? எதிர்த்துப் பேசினால் எங்கள் பெயரையும் காட்டுக்காரர்களோடு சேர்த்து எழுதிவிடுவார்களோ என்ற பயம். இருந்தாலும், இப்போது சொன்னதை அப்படியே அப்பாவிடம் தமிழில் சொல்லுங்கள் என்று வழிமறித்து நின்றேன்.

சொன்னார். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத்தான். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

எதைச் செய்தால் பிழைப்பேன் என்று அப்பா கேட்டார். இரண்டும் நோயைத் தள்ளிப்போடும், ஒழிக்காது என்றார் டிரெஸர். மார்பு நிச்சயமாக வளருமா என்று கேட்டார். வளரலாம் என்றார்.

"சட்டை போட்டுக்கலாம்ணே," என்றார் கடைக்காரர், சுவரைப் பார்த்தபடியே.

பிறகு அப்பா குரல் கேட்டது.

"மாத்திரையே குடுங்க. கேட்ல விடலன்னா டப்பாவ அங்க காவல் நிக்கிறவனே வச்சிக்கட்டும். தெனம் காலைல வந்து அவன் மூஞ்சிக்கு நேரா முழுங்குறேன்."

டாக்டரிடம் நாளைக்குச் சொல்வதாக டிரெஸர் கிளம்பினார். நாளை என்ற சொல்லை நான் எப்போது நம்பினேன்? அதற்குள் கத்தியோடு வந்துவிட்டால்? இப்போதே சொல்லுங்கள் என்று அவர் பின்னாலேயே நடந்தேன். டாக்டர் அறையில் அவர் இங்கிலீஷில் சொன்னது ஒன்றும் புரியவில்லை. "மாத்திரைன்னுதானே சொன்னீங்க?" என்று, அந்த வெள்ளைக்காரர் முன்னாலேயே, திரும்பத் திரும்பக் கேட்டேன்.