அப்பாவின் டீயில் நான் போட்டது

அப்பாவின் வலது காலில் புண் வந்த வருசம் எனக்கு ஒன்பது வயது. ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், ஆறு வீடுகள் ஒட்டினாற்போல் கட்டிய லயத்தில் குடியிருந்தோம். அம்மா கொழுந்து கிள்ளப் போவாள். அப்பாவுக்கு ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கிற அறையில் வேலை. அங்கே கொஞ்ச நேரம் நின்றாலே சட்டையைப் பிழியலாம். அந்தச் சூட்டுக்கு ஆட்கள் நாள் முழுக்க டீ குடித்துக்கொண்டே இருப்பார்கள். பால் ஏது? ருசிக்கு இருந்தது சீனி ஒன்றுதான். எங்கள் வீட்டு ரேசன் சீனி அவ்வளவும் அப்பாவின் தம்ளருக்கே போய்விடும்.

மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு ஓடிவந்து டீ போட்டு, தூக்குவாளியில் ஊற்றி ஃபேக்டரி வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் வேலை.

ஆறாத புண்ணோடு அப்பா டிஸ்பென்சரிக்குப் போனார். நர்ஸம்மா அவருடைய மூத்திரத்தை ஒரு நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். நீலம் செங்கல் நிறமானது. சர்க்கரை வியாதி என்ற பேச்சை நான் முதலில் கேட்டது அன்றைக்குத்தான்.

நர்ஸம்மா மலையாளத்துக்காரர். பாதி அவர் பாஷை, பாதி எங்கள் பாஷை என்று பேசுவார். அப்பா மாதிரி இன்னும் நாலைந்து பேர் இருந்ததால், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காப்பகத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு வைத்தார். இந்த வயசில் வகுப்பா என்று சிரித்துக்கொண்டே எல்லோரும் வந்தார்கள். ஆளுக்கொரு பழைய பேப்பரும், ஒரு வாளி நிறைய மணலும். ஒரு நாளில் டீக்குப் போடுகிற சீனி எவ்வளவோ அவ்வளவு மணலைக் கரண்டியால் அள்ளி அவரவர் பேப்பரில் கொட்ட வேண்டும்.

அப்பாவின் குவியல்தான் பெரிசு. பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "ஏ மாப்ளே, இது சடங்கு வீட்டுப் பாயாசத்துக்குல்லா காணும்!" என்றார். காப்பகமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மணலைக் கையால் தட்டித் தட்டிக் குவியலைச் சின்னதாகக் காட்டப் பார்த்தார்.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. "சேட்டா, இது ஒரு நாளைக்குள்ளதாக்கும். இங்ஙனே குடிச்சா அந்தக் கால் போகும், கேட்டோ" என்றார். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு அரைக் கரண்டி குறைத்தால் போதும், நாக்கு தானே மறந்துவிடும் என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "மோளு தானே டீ போடுறது? அப்பாவோட கால் இனி உன் கையிலாணு."

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தூக்குவாளியோடு பாதி தூரம் போயிருப்பேன். கரண்டியில் பழைய சீனி ஒட்டியிருந்ததோ என்று நினைப்பு வரும். திரும்ப ஓடிப்போய்க் கரண்டியை நக்கிப் பார்ப்பேன். இரண்டு மாசத்தில் சீனி முழுக்க நின்றது. அப்பா மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். "நாக்கு செத்துப் போச்சுட்டி" என்று ஒரே ஒரு நாள் சொன்னார். புண்ணின் ஓரம் காய ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் அத்தை வந்தாள், அப்பாவின் அக்கா. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கம்பத்தில் பஸ் மாறி, குமுளி மலையேறி, மடியில் ஓர் ஓலைக்கொட்டான் நிறையக் கருப்பட்டியோடு வந்தாள். நான் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏட்டி, எழவு விழுந்த கேதத்து வீட்டுல கூட இதவிட நல்லாக் குடுப்பாவ" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சீனி ஆலையில காச்சுனது, அதக் குடிச்சா வியாதி வராம என்ன செய்யும்? இது மரத்துல ஊறினதுட்டி. பிள்ள பெத்தவளுக்கு எதக் குடுக்கோம்? சமஞ்ச பிள்ளைக்கு எதக் குடுக்கோம்? மருந்துல்லா இது!"

அம்மாவும் ஆமாம் என்றாள். பக்கத்து வீட்டு மாமாவும் ஆமாம் என்றார். நான் பிறந்ததும் என் நாக்கில் முதலில் தொட்டு வைத்ததே கருப்பட்டித் தண்ணீர்தானாம்.

ஃபேக்டரிக்குப் போகிற வழியில்தான் டிஸ்பென்சரி. நர்ஸம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அந்த வாசலில் இரண்டு நாள் நின்றேன். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். பயம்கூட இல்லை, சொல்லப்போனால் அப்படித்தான் சொல்வார் என்று உள்ளுக்குள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிற அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. கேட்காமலே நடந்தேன். கருப்பட்டியும் ரத்தத்தில் கலந்தால் சீனிதான் என்று இப்போது யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

முதல் நாள் அப்பா ஒரு மடக்குக் குடித்துவிட்டு வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னட்டி இது?"

"சீனி இல்லப்பா. கருப்பட்டி. மருந்துன்னு அத்த சொன்னாவ."

அப்பா வாளியைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். அத்தனை நாளைக்குப் பிறகு மலர்ந்த அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் இன்னும் ஒரு துண்டு கூடப் போட்டேன்.

அடுத்த வகுப்பில் நர்ஸம்மா என்னிடம் கேட்டபோது, "ஒரு கரண்டிகூடப் போடலம்மா" என்றேன். எல்லோரையும் எனக்காகக் கைதட்டச் சொன்னார்.

அத்தை ஊருக்குப் போனாள். மழை பிடித்தது. புண் திரும்ப வாய் திறந்தது, பெருவிரல் கறுத்தது. நர்ஸம்மா குடையோடு வீட்டுக்கே வந்து அதே நீல மருந்தைக் காய்ச்சினார். அதே செங்கல் நிறம். அவர் அந்தக் கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"சீனி போடாம இது எங்ஙனே வரும்? சத்தியம் பறயணும் சேட்டா. எந்தா குடிச்சது?"

நான் அடுப்படியில் உட்கார்ந்து சாயங்கால டீக்குக் கருப்பட்டி தட்டிக்கொண்டிருந்தேன். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு நர்ஸம்மா பக்கம் திரும்பி, "பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. நான்தான் முக்கு டீக்கடையில களவா சீனி போட்டுக் குடிச்சேன். தெனம் நாலு அஞ்சு டீ" என்றார்.

"இந்தக் குட்டி எத்தர பாடுபட்டு! நாணமில்லே சேட்டா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நான் கரண்டியை நக்கி நக்கிப் பார்த்ததென்ன, இவர் கடையில் போய்க் குடித்ததென்ன!

கோட்டயம் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும் என்று என் படிப்பை நிறுத்தினார்கள். அதையும் அவர் கணக்கிலேயே வைத்தேன். "இனிமே கருப்பட்டியும் வேண்டாம்ட்டி, வெறும் டீ போதும்" என்றார். களவாணித்தனம் செய்தவர் விரதம் இருக்கிறார் என்று நினைத்தேன். தம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிடுவேன். "டீ நல்லாருக்குட்டி" என்பார் என் முதுகைப் பார்த்து. ஒன்றரை வருசம் அப்படி ஓடியது. அதற்கு மேல் அவர் இருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் முக்குக் கடைக்காரர் துக்கம் கேட்க வந்தார். கம்பத்துக்காரர், அப்பாவுக்கு ரொம்ப வருசப் பழக்கம். அம்மாவிடம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒங்கப்பா என் கடையில ஒரு நா சீனி போட்டுக் குடிச்சதில்லம்மா, அந்த வகுப்புக்குப் பெறகு. நான் கரண்டிய எடுத்தாலே தம்ளரக் கையால பொத்திக்கிருவாரு. வேண்டாம்ப்பா, எம்மக வையும்பாரு."

செத்தவர்களைப் பற்றி எல்லோரும் நல்லதாக நாலு பொய் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வயதில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.