பெட்ஷீட் பந்தல்

அந்த ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் இருந்தவர்கள் ஆறு பேர். அப்பா, அம்மா, நான், பெரிய வீட்டு மாமா, அவர் கூட்டி வந்த மரம் வெட்டுகிறவர், கடைசியாக வந்து சேர்ந்த எதிர்க்கடை டெய்லர் பாய். இஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்திருந்த நாயையும் சேர்த்தால் ஏழு. மரத்துக்கு மேலே இருந்தவர்களை நான் எண்ணவில்லை. எண்ணினால் பயம் இன்னும் அதிகமாகும் என்று விட்டுவிட்டேன்.

மந்தைவெளியில் எங்கள் வண்டி நின்ற இடம் அது. மாமா வீட்டு மதிலுக்கு உள்ளே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். மரம் அவருக்கு, நிழல் எங்களுக்கு. அந்த வருஷம் அதில் வக்காக்கள் கூடு கட்டின. கொக்கு ஜாதிதான், கழுத்தைச் சுருக்கிக்கொண்டு, கண் மட்டும் சிவந்து, தூக்கம் கெட்டவர் மாதிரி உட்கார்ந்திருக்கும். பொழுது சாய்ந்தால் 'குவாக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடையாற்றுப் பக்கம் மீனுக்குப் போகும். தின்ற மீனெல்லாம் மறுநாள் எங்கள் வண்டி மேல் வந்து விழும்.

தேய்த்த துணி மேல் பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்து மூடுவது என் வேலை. அப்போது எனக்குப் பத்து வயது. பயந்து பயந்து ஒழுங்காகத்தான் செய்தேன், ஒரு நாள் தவிர. அன்றைக்கு ஒரு கூட்டிலிருந்து, தலையெல்லாம் முடி சிலிர்த்து நிற்க, ஒரு குஞ்சு எட்டிப் பார்த்தது. நானும் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வைத்திருந்த மயில்கண் வேஷ்டி மேல் மூன்று இடத்தில் எச்சம் விழுந்துவிட்டது.

அம்மா எலுமிச்சம்பழம் தேய்த்தாள், வெயிலில் போட்டாள். கறை போகவில்லை. மாமா வேஷ்டியை விரித்துப் பார்த்தார். கத்தவில்லை. அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணியும் அரிவாளுமாக ஆளைக் கூட்டி வந்துவிட்டார்.

"தெருப்பக்கம் போற கிளை அத்தனையும் கழிச்சுடுப்பா. எனக்கும் நிம்மதி, இஸ்திரி போடறவனுக்கும் நிம்மதி."

கிளை போனால் நிழலும் குஞ்சும் போகும். கிளை இருந்தால் வாடிக்கை போகும். எந்தப் பக்கம் பேசுவது? அப்பா கரியை விசிறிக்கொண்டே நின்றார். ஆள் ஏணியில் கால் வைத்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"நான்தான் மூடல! பிளாஸ்டிக்க நான்தான் மூடல!" என்று ஓவென்று அழுதேன்.

இதைச் சொன்னால் எல்லாம் அப்படியே நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். மாமா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சரிடி குழந்தே, நீ மூடலே. போட்டது அதுகள்தானே?" என்றார். ஆள் ஏறிக்கொண்டே இருந்தார்.

ஏறியவர் பாதியில் நின்றார். இலையை விலக்கி விலக்கிப் பார்த்தார். "சார், மேல குஞ்சு கீது. ஒண்ணு ரெண்டு இல்ல. கூட்டுக்குக் கூடு வாயப் பொளந்துகினு கீது. என்னால ஆவாது சார்." இறங்கி ஏணியை மடக்கிவிட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வேற ஆள் வருவான்" என்றார் மாமா. ஆள் சொன்னது நிஜமா என்று பார்க்க அவரே மொட்டைமாடிக்குப் போனார். இறங்கி வர வெகுநேரம் ஆயிற்று.

அதற்குள் டெய்லர் பாய் தெருவைத் தாண்டி வந்துவிட்டார். "ஒரு வாரம் டைம் கீதுல்ல? கல்யாணத்துக்குப் பந்தல் போடறோம், காரியத்துக்குப் பந்தல் போடறோம். எச்சம் துணி மேல வுழாம இதுக்கு ஒண்ணு போட்டா இன்னா?"

"துணிக்கு எங்க போறது பாய்?" என்றார் அப்பா.

"இன்னா நைனா, தெருவே உனக்கு மூட்டை கட்டி அனுப்புது. என்னைக் கேக்கறியே!"

உண்மைதான். ஒவ்வொரு வீட்டுத் துணியும் ஒரு பழைய பெட்ஷீட்டில் மூட்டையாகத்தான் எங்களிடம் வரும். அப்பாவுக்குக் கதவு நம்பர் தெரியாது. பெட்ஷீட்டைப் பார்த்து வீட்டைச் சொல்வார். பெரிய பூ போட்டது நர்ஸம்மா வீடு, நீலக்கட்டம் பாட்டு வாத்தியார் வீடு. அம்மா வீடு வீடாகப் போய்க் கேட்டாள். திட்டுவார்களோ என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். "பறவைக்கா? நல்ல கதையா கீதே" என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் கொடுத்தார்கள். வியாழக்கிழமைக்குள் பதினான்கு சேர்ந்தன. பாய் தீபாவளிச் சட்டைகளைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் இரட்டைத் தையல் போட்டு இணைத்தார்.

கட்டிப் பார்த்தால் மதில் ஓரம் ஒரு ஆள் அகலத்துக்குத் துணி போதவில்லை. சனிக்கிழமை மாமா வந்தார். கையில் ஒரு பெட்ஷீட். பழசு இல்லை, மடிப்புக்கூடக் கலையாதது.

"எங்காத்துல சும்மா கெடந்தது" என்று வண்டி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேறு ஆள் வரவில்லை. அதற்கு நாலு நாள் கழித்து ஒரு குஞ்சு தொப்பென்று பந்தல் மேல் விழுந்தது. தரையாக இருந்தால் பிழைத்திருக்காது. மாமா அந்தப் பழைய ஆளையே கூப்பிட்டனுப்பினார். "திரும்ப வெட்டச் சொல்லப்போறீங்கன்னு பயந்துகினே வந்தேன் சார்" என்று சொல்லிக்கொண்டே அவர் குஞ்சைத் துண்டில் ஏந்திக்கொண்டு ஏறினார், கூட்டில் விட்டார். அப்புறம் வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துப் பந்தலை அவிழ்த்துத் துவைத்தார்கள். முறை தப்பிய வீட்டு வாசலில் நர்ஸம்மா போய் நின்றுவிடுவார்.

இப்போது அந்த வண்டியில் நான் நிற்கிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. கவலைப்படுவது மட்டும் நிற்கவில்லை. அடையாறு என்ன ஆகும், மரம் என்ன ஆகும் என்று ஆரம்பித்தால் கை தானாக நின்றுவிடும், சட்டை தீய்ந்துவிடும். போனில் எங்கெங்கோ நாட்டு ஜனங்களைக் காட்டுகிறார்கள். தவளை ரோட்டைக் கடக்க வண்டிகளை நிறுத்துகிறார்கள், ஆமை முட்டைக்கு வேலி கட்டிக் காவல் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது எனக்கு விளங்காது. ஆனால் முகத்தைப் பார்த்தால் எங்கள் தெரு ஆட்கள் மாதிரியே இருக்கும். அதைப் பார்த்தால் கொஞ்சம் தைரியம் வரும். இந்த வருஷமும் வக்கா வந்திருக்கிறது, பந்தல் கட்டியாகிவிட்டது.

அந்த முதல் வருஷம், குஞ்சுகள் பறக்கப் பழகிய நாட்களில், மாமா தினமும் சாயங்காலம் ஒரே ஒரு சட்டையோடு வண்டிக்கு வந்துவிடுவார். கொடுத்துவிட்டுப் போக மாட்டார். இடுப்பில் கை வைத்து, அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். அப்பாவோ மற்ற மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேய்ப்பார். அந்தச் சட்டையைத் தொடவே மாட்டார். மாமாவுக்குக் கோபம் வந்து மறுபடி ஆளைக் கூட்டி வந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

"மாமா எவ்ளோ நேரமா நிக்கிறாரு. முதல்ல அவருத தேயிப்பா" என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுப்பேன்.

"அவருக்கு அவசரம் இல்ல. நீ சும்மா கெட" என்பார் அப்பா, குரலைத் தாழ்த்தி.

கடைசிக் குஞ்சும் இறக்கையைத் தட்டித் தடுமாறி அடுத்த கிளையில் உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சட்டை மேல் இஸ்திரிப் பெட்டி படும். இருந்திருந்து சமாதானமான மனுஷரை, அப்பா ஏன் இப்படிக் காக்க வைக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.