மாதா படத்துக்குப் பின்னால் வந்த பூச்சி

என் வாய்க்கு ஊரில் நல்ல பெயர் இல்லை. தையல் மிஷினைவிட அது வேகமாக ஓடும் என்பார்கள். பொய்யில்லை. அந்த வாயால் நான் செய்ததைத்தான் எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் திட்டலாம்.

மன்னார்த் தீவில் கடற்கரையோரமாக எங்கள் வீடு. நான் கலியாணம் கட்டாதவள், ஊருக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னோடு இருந்தது தம்பியின் மனைவி, என் மச்சாள். தம்பியை ஒரு சுற்றிவளைப்பில் ஆமி பிடித்துக்கொண்டுபோய்ப் பத்து நாள் வைத்திருந்துவிட்டு வெளியே விட்டது. பிறகு மறுபடியும் தேடி வந்தார்கள். அப்போது அவன் வீட்டில் இல்லை. இந்தியாவுக்குப் போய்விட்டான் என்று மச்சாள் சொன்னாள். ஊரில் பாதிப்பேர் அப்படி வள்ளம் ஏறிப் போனவர்கள்தானே, ஆமி நம்பிவிட்டது. நானும் நம்பினேன். ஒரு வருஷமாக ஒரு கடிதம் போடத் தெரியாதா அந்தக் கழுதைக்கு என்று அவனைத் திட்டாத நாளில்லை.

அந்த நேரத்தில்தான் அந்தப் பூச்சி வந்தது. கறுப்பு உடம்பு, நூல் மாதிரி இடுப்பு, வெயில் பட்டால் செட்டையில் நீலம் ஓடும். ஜன்னலால் வரும், என் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றும், சுவரில் மாதா படத்துக்குப் பின்னால் போய் மறையும். கொஞ்ச நேரத்தில் வெளியே போகும், திரும்பவும் வரும். நான் பிறந்து வளர்ந்த மணலில் இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. குத்துமோ, விஷமோ என்று எனக்குப் பயம். காலால் மிஷினை மிதிப்பதா, கையால் அதைத் துரத்துவதா?

சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? சட்டை வாங்க வந்தவர்கள் எல்லோரையும் கதிரையில் இருத்தி, கொஞ்சம் பொறுங்கோ, இப்ப வரும், பாருங்கோ என்று காட்டத் தொடங்கினேன். ஒருத்தி தும்பி என்றாள். ஒருத்தி பனை வண்டுக் குஞ்சு என்றாள், வண்டுக்கு ஏது குஞ்சு என்று நான் அவளோடு சண்டை பிடித்தேன். ஆமிக்காரர் ஹெலியில் கொண்டுவந்து விட்டிருப்பார்கள் என்று ஒரு கிழவர் சொன்னார். அந்த நாளில் கோழி முட்டை கூழாய்ப் போனாலும் ஆமிதான் காரணம்.

மச்சாள் மட்டும் ஒருநாளும் வந்து பார்க்கவில்லை. விடுங்கோ அக்கா, அது தன்ர பாட்டில போகட்டும் என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

உயிலங்குளத்திலிருந்து சோதனைச் சாவடியெல்லாம் தாண்டி மரவள்ளியும் கீரையும் கொண்டுவருகிற ஒரு பெண் இருந்தாள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவளுக்குப் பூச்சி புழு எல்லாம் தெரியும். ஒரு புதன்கிழமை காலை எங்கள் வாசலில் அவளைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் மரவள்ளி வாங்கிக்கொண்டு நிற்க, பூச்சி வந்தது. அவள் பார்த்ததும் சிரித்தாள்.

"இது மண்குளவிங்க. தேயிலைத் தோட்டத்துல லயத்து வீடுங்களுக்குள்ள நெறையக் கட்டும்," என்றாள். உள்ளே வந்து மாதா படத்தைச் சுவரிலிருந்து மெல்லத் தள்ளிப் பிடித்தாள். பின்னால் விரல் தடிப்பில் ஈரமண் கூடு. கிணற்றடிச் சேற்றை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்திருக்கிறது. "கலைச்சிடாதீங்கம்மா. இது வீட்டுக்குள்ள கூடு கட்டுனா, வீட்ல யாரோ மாசமா இருக்காங்கன்னு அர்த்தம்."

பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு முப்பத்தெட்டு வயது. அந்தச் சிரிப்பு என் மேலே விழுந்தது எனக்குப் பொறுக்கவில்லை. நானில்லையடி, பூச்சியாய் வந்தது கபிரியேல் சம்மனசு, மாதாவுக்குப் பிள்ளை வரும் என்று சொன்ன மாதிரி எங்கட மச்சாளுக்குத்தான் மங்களவார்த்தை சொல்ல வந்திருக்கிறார் என்றேன். பெரிய பகிடி விட்டவள் மாதிரி நானே முதலில் சிரித்தேன்.

மச்சாள் குசினி வாசலில் நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை. சிரித்தவர்கள் அவளைப் பார்த்தார்கள், அவளுடைய வயிற்றைப் பார்த்தார்கள், சிரிப்பு நின்றது. பக்கத்து வீட்டுக்காரி, என்னோடு ஒன்றாகப் படித்தவள், கீரையை எடுக்காமலே போனாள். அவளுடைய புருஷன் ஆமி முகாமுக்கு மீன் கொடுக்கிறவர்.

அடுத்த கிழமை மச்சாள் கிணற்றடியில் ஓங்காளித்துச் சத்தி எடுப்பதை நான் கண்டேன். என்னடி இது என்று கேட்டேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்குக் கண் மண் தெரியாத கோபம். புருஷன் ஊரில் இல்லாத வீட்டில் இது எப்படி வந்தது? அவளை வேசை என்றேன். ஆம், அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். மூன்று நாள் அவளுடைய கையால் தேத்தண்ணிகூட நான் குடிக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். தம்பி இந்தியாவுக்குப் போகவே இல்லை. முள்ளிக்குளத்துப் பக்கம் அவளுடைய சித்தப்பாவின் மீன் வாடிக் குடிசையில் ஒளித்திருக்கிறான். இரண்டு மாதத்துக்கு முன் தகப்பனுக்குச் சுகமில்லை என்று ஆமியிடம் பாஸ் எடுத்து அந்தப் பக்கத்தில் தாய்வீட்டுக்குப் பத்து நாள் போய் நின்றாளே, அப்போது அவனோடுதான் இருந்திருக்கிறாள்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்கட வாய்க்குப் பயந்துதான் அக்கா."

செத்துவிடலாம் போல் இருந்தது.

வயிறு தெரியுமுன் மறுபடி தாய்வீட்டுக்குப் போய் அங்கேயே பெற்றுக்கொள்வது என்று அவள் நினைத்திருந்தாள். இனி எப்படிப் போவது? ஊரே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளை அவனுடையது என்று தெரிந்தால் அவன் கிட்டத்தில் எங்கோ நிற்கிறான் என்று ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அவள் போன வழியே போனால் அவனைப் பிடித்துவிடலாம். இந்த முறை பத்து நாளில் விடமாட்டார்கள்.

"என்னைப் பற்றி என்னவும் கதைக்கட்டும். நீங்கள் மறிச்சுக் கதைக்க வேண்டாம்," என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரி இரண்டு நாளில் வந்தாள், கை நீளம் குறைக்க ஒரு சட்டையோடு. சட்டைக்காக வரவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் கெட்டவள் என்று நான் சொல்லமாட்டேன். கேட்டதைப் புருஷனிடம் சொல்லுவாள், அவர் முகாமில் சொல்லுவார், அவ்வளவுதான். கதிரையில் இருந்துகொண்டு நேராகவே கேட்டாள்.

"உன்ர தம்பி வந்து போனவனோ?"

குசினிக்குள் அகப்பைச் சத்தம் நின்றுவிட்டது.

"அவன் வரேல்லை. அது எங்கட தம்பியின்ர பிள்ளை இல்லை," என்றேன்.

அவள் போன பிறகு மச்சாள் வந்து எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். நல்லாய்ச் சொன்னனீங்கள் அக்கா என்றாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஆமி தம்பியைத் தேடி வரவில்லை. பெண்பிள்ளை பிறந்தது. என் பேச்சை நம்பி ஊர் மச்சாளைக் கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் தனியே இருக்கவிட்டது. தம்பி வந்து தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிற நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் இருவரும் இருந்தோம். அவன் வரவில்லை. முள்ளிக்குளத்துப் பக்கம் சண்டை வந்து சனம் எழும்பி ஓடியபோது அவனும் ஓடியிருக்கிறான். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை.

இனி மறைக்க என்ன இருக்கிறது? வீடு வீடாய்ப் போய் உண்மையைச் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

பிள்ளைக்கு எட்டு வயது, கோயிலில் முதல் நன்மை எடுக்கிற வருஷம், வெள்ளைச் சட்டைக்கு அவளை நிறுத்தி அளவெடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரியும் தன் மகளுக்குத் துணி கொண்டுவந்தாள். பார், அப்படியே எங்கட தம்பியின்ர நெற்றி என்று பிள்ளையைக் காட்டினேன். அவள் இரக்கத்தோடு என் தோளைத் தொட்டாள்.

"விடு. அண்டைக்கு நீதானே உன்ர வாயால சொன்னனீ."

பிள்ளை இரண்டு கையையும் விரித்தபடி, அளவுநாடாவுக்குள் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சொன்னனீங்கள் மாமி?"