தேரை மறித்த என் தம்பியின் படம்

என் தம்பி கவின் பிளஸ் டூ கணக்கில் ஃபெயில் ஆகிவிட்டான். இந்த வரியை இப்படி நேராக எழுதவே எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. ஆனாலும் எழுதியாக வேண்டும். செல்லியம்மனை நம்புகிறவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்கிறேன் என்று அவள் சன்னதியில் நின்று வேண்டிக்கொண்டவள் நான். நான் கேட்டதை அவள் கொடுத்துவிட்டாள். நான் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் ஊர் வேப்பந்தட்டைக்குப் பக்கம். அப்பாவுக்கு விவசாயம். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிறோம். நான் பெரம்பலூரில் எம்.எஸ்சி. படிக்கிறேன். தம்பிக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். கணக்கு அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. அவன் இன்ஜினியரிங் சேருவான் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. எங்கள் ராசு மாமாவுக்கோ ஊருக்கே அதை அறிவித்துவிட வேண்டும் என்று துடிப்பு.

மாமா அம்மாவின் தம்பி. திருவிழா என்றால் ஆள் தரையில் நிற்க மாட்டார். இந்த வருடம் செல்லியம்மன் தேருக்கு பஸ் ஸ்டாப்பில் பெரிய பேனர் அடித்தார். நடுவில் அம்மன். இரண்டு பக்கமும் கூலிங் கிளாஸ் போட்ட ஊர்ப் பையன்கள். ஓரத்தில் தனியாக ஒரு வட்டம், அதற்குள் கவின். கீழே சிவப்பு எழுத்தில் ‘வருங்கால இன்ஜினியர்’. ரிசல்ட் வரவில்லையே மாமா என்று கேட்டேன். “வந்தப்புறம் அடிச்சா அது நியூஸுடி. இது நம்பிக்கை” என்றார். கவினும் சிரித்தான். அவனே கம்பத்தில் ஏறி, கம்பி முறுக்கி, அந்தப் பேனரைக் கட்டினான்.

ஊரில் காப்புக் கட்டினார்கள். மறுநாள் காலை ரிசல்ட் வந்தது.

அவன் போனில் பார்த்தான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளறையில் போய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் எடுத்துப் பார்த்தேன். மற்றப் பாடங்களில் பாஸ். கணக்கில் இல்லை. தப்பான நம்பரைப் போட்டுவிட்டானோ என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதே பெயர். அதே ரிசல்ட்.

சாயங்காலம் எழுந்து பையில் துணிகளை அடைத்தான்.

“திருப்பூர் போறேன். சிவா ரூம்ல இருந்துக்கறேன். பனியன் கம்பெனில ஆள் எடுக்கறாங்களாம்.”

அப்பா வாசலை மறித்து நின்றார். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை.

“காப்புக் கட்டியாச்சு சாமி. ராத்திரி வெளியூர்ல தங்கப்புடாது. தேர் முடியட்டும். அப்புறம் போ.”

எங்கள் ஊர் வழக்கம் அது. காப்புக் கட்டிவிட்டால் அதை அவிழ்க்கும்வரை ஊர்க்காரர்கள் யாரும் வேறு ஊரில் இரவு தங்குவதில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களுக்காகக்கூட அம்மனிடம் தனியாக உத்தரவு கேட்பார்கள். கவின் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு மறுபடியும் படுத்துவிட்டான். போகாமல் இருந்ததற்கு அம்மன்மேல் இருந்த பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.



அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவன் சாப்பிடவில்லை. அம்மா ஊட்டிவிட்டால் ஒரு வாய் வாங்கி அப்படியே வைத்திருப்பான். குளிக்கவில்லை. வெளியே மேளம், மைக்செட், உறவுக்கூட்டம். திருவிழாவுக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்கள், “பையன் என்னா மார்க்கு?” பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர்கள் கண்ணில் பட்டது அவன் முகம்தானே! எங்கள் தெருவில் நாகப்பன் என்று ஒரு சித்தப்பா. தூரத்து உறவு. அவர் வாசலில் நின்று சத்தமாகவே சொன்னார்: “படத்துல நல்லாத்தாம்ப்பா இருக்கான். பரிட்சைலதான் சரியா வுழுவல.” உள்ளே கவினுக்குக் கேட்டது. அவன் தோள் அசைந்ததை நான் பார்த்தேன்.

மாமாவிடம் ஓடினேன்.

“பேனரக் கழட்டுங்க மாமா.”

“நடுவுல ஆத்தா இருக்காடி! காப்பு அவுக்காம ஆத்தா படத்துல கை வெச்சா ஊரு என்னயச் சும்மா வுடுமா?”

“அப்ப அவன் படத்த மட்டும் எதையாவது வெச்சு மறைங்க.”

“வெள்ளத்தாள் ஒட்டட்டுமா?”

“அது இன்னும் அசிங்கம் மாமா.”

அவர் தலையில் கைவைத்து அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். “ஆசைல அடிச்சேன் பாப்பா” என்று அழுதார். அந்த மனிதர் அழுது நான் பார்த்ததே இல்லை.

ஒருநாள் அப்பா பருத்திக்கு அடிக்கிற மருந்து டப்பாக்களை மோட்டார் கொட்டகையிலிருந்து எடுத்துச் சாக்கில் கட்டி, பெரியப்பா வீட்டில் கொண்டுபோய் வைத்துப் பூட்டினார். யாரும் சொல்லவில்லை. அவராகவே செய்தார். திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. எங்கள் வீட்டில் எல்லோருமே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் சும்மா இருக்கத் தெரியாதவள். அவன் தலைமாட்டில் உட்கார்ந்து பேசினேன். துணைத் தேர்வு இருக்கிறது, வேறு படிப்பு இருக்கிறது, ஃபெயிலானவர்கள் எத்தனையோ பேர் மேலே வந்திருக்கிறார்கள் என்று வீடியோ போட்டுக் காட்டினேன். கடைசியில் அவன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

“க்கா. நீ பேசும்போதுதான் எனக்கு ரொம்பத் தலைய வலிக்குது.”

மாணவர்களுக்காக அரசு ஏற்பாடு செய்திருந்த ஆலோசனை எண்ணுக்கு அன்றைக்குத்தான் போன் செய்தேன். போனை எடுத்த ஆலோசகர் பொறுமையாகக் கேட்டார். “அவர தனியா விடாதீங்கம்மா. அறிவுரை வேண்டாம். பக்கத்துல உக்காருங்க. அவரா பேசினா கேளுங்க. பயமா இருந்தா தள்ளிப்போடாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார். அதன்படி வெங்காயத்தைச் சேமித்து வைக்கிற பட்டறையிலிருந்து விதை வெங்காயத்தை முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து அவன் அறையில் உட்கார்ந்து அழுகலைப் பொறுக்கினேன். பேசவே இல்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அறை முழுக்க வெங்காய நாற்றம். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மதியத்தில் கோயில் காலியாக இருக்கும்போது அம்மனிடம் போவேன். முதல் நாள் மார்க்கை மாற்றிக்கொடு என்று கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன். அடுத்து அவனுக்குத் தைரியத்தைக் கொடு என்றேன். நாள் போகப்போக என் வேண்டுதல் சின்னதாகிக்கொண்டே வந்தது. காப்பு அவிழ்த்தால் அவன் போய்விடுவான். தெரியாத ஊரில், யாரும் கவனிக்காத ஓர் அறையில், இந்த நிலைமையில் அவனை நினைத்துப் பார்க்க முடியவில்லை. தேருக்கு முதல் நாள் எனக்கு அழுகைகூட வரவில்லை. “தாயே, பாஸ் வேணாம், இன்ஜினியரிங் வேணாம். காப்பு அவுக்கறதுக்குள்ள அவன் தன் காலால நம்ம வூட்டு வாசப்படியத் தாண்டி வெளிய வந்தாப் போதும். ஒன்ன நம்பறவங்க எல்லார்கிட்டயும் நான் சொல்றேன்” என்றேன். கற்பூரம் அணைந்துவிட்டது. எனக்கு ஒரு நம்பிக்கையும் வரவில்லை. அதையும் உள்ளபடியே சொல்லிவிடுகிறேன்.

தேர் அன்று அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குப் போனார்கள். நான் முறத்தோடு அவன் அறையில் இருந்தேன். மேளம் தெருத்தெருவாக நெருங்கி வந்தது. பிறகு சட்டென்று நின்றது. ஒரே கூச்சல். கொஞ்ச நேரத்தில் ராசு மாமா மூச்சிரைக்க வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தேர் நின்னுபோச்சு பாப்பா. பேனர் சட்டத்துல தேரோட மேலாப்புத் துணி மாட்டிக்கிச்சு. முன்னயும் போவல பின்னயும் போவல. எல்லாருமா என்னயக் கடிச்சுக் கொதர்றாங்க. பெயிலாப் போனவன் படம் தேர நிறுத்திப்புடுச்சுன்னு அந்த நாகப்பன்…”

“மாமா!” என்று கத்தினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் சொல்லியாகிவிட்டது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அம்மா தாயே, இதற்காகவா உன்னிடம் வந்தேன் என்று நினைத்தேன்.

சுவர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. பல நாள் பேசாத, கரகரத்த குரல்.

“எந்தப் பக்கம் மாட்டியிருக்கு?”

மாமா முழித்தார். “பள்ளிக்கூடத்துப் பக்கம்.”

“அது நான் கட்டுன பக்கம். கம்பிய உள்ள வுட்டு முறுக்கியிருக்கேன். இழுத்துடப் போறாங்க மாமா. இழுத்தா நடுவுல கிழியும். ஆத்தா கிழிஞ்சிரும்.”

“இழுக்கத்தான்டா பாக்கறானுவ!”

கவின் எழுந்து உட்கார்ந்தான். தலை சுற்றியிருக்க வேண்டும், கட்டிலைப் பிடித்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்தான்.

“க்கா, கட்டிங் பிளேயர் எங்க?”

நான் முறத்தைத் தட்டிவிட்டு ஓடினேன். வெங்காயம் அறை முழுக்க உருண்டது. எடுத்து வந்து கொடுத்தேன். அழுக்குக் கைலியோடு, செருப்பு இல்லாமல், அவன் வாசற்படியைத் தாண்டினான். நான் அந்தப் படியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் அவன் பின்னால் ஓடினேன்.

பஸ் ஸ்டாப்பில் ஊரே நின்றது. அவனைப் பார்த்ததும் சத்தம் குறைந்தது. நாகப்பன் சித்தப்பா மட்டும், “வந்துட்டாருய்யா இன்ஜினியரு” என்றார். யாரும் சிரிக்கவில்லை. கவின் காதில் வாங்காமல் கம்பத்தின் கீழே போய் நின்று, மேலே அம்மன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டான். தேர்மேலிருந்து பூசாரி குனிந்தார்.

“நீயே கழட்டு தம்பி. மெதுவா. ஆத்தா மேல காலு படாம.”

ஏறினான். ஒவ்வொரு கம்பியாக முறுக்கு அவிழ்த்தான். சட்டத்தில் சிக்கிய மேலாப்புத் துணியைக் கிழியாமல் விடுவித்தான். பேனரை ஓரத்திலிருந்து சுருட்டிக்கொண்டு வந்தபோது முதலில் உள்ளே போனது அவன் முகம்தான். ‘வருங்கால இன்ஜினியர்’ எல்லோர் கண் முன்னாலும் மெதுவாகச் சுருண்டு மறைந்தது. கடைசியாக அம்மன். சுருளைக் கீழே இறக்கியபோது மண்ணில் படாமல் இரண்டு கையாலும் ஏந்தி வாங்கியவர் அதே நாகப்பன் சித்தப்பா. “பாத்து எறங்கு சாமி” என்றார். பெண்கள் குலவை போட்டார்கள். தேர் அசைந்தது.

கவின் வீட்டுக்குத் திரும்பவில்லை. வடத்தைப் பிடித்தான். அவனுக்குப் பின்னால் அப்பா பிடித்திருந்தார், தோள் குலுங்கக் குலுங்க.

அன்று சாயங்காலம் மாவிளக்கு மாவைத் தானாக எடுத்துத் தின்றான். தின்றுகொண்டே சொன்னான். பரீட்சையில் முதல் கணக்கிலேயே எங்கோ தப்பு வந்ததாம். அதைச் சரிசெய்யாமல் அடுத்ததற்குப் போக முடியவில்லையாம். அங்கேயே நின்றுவிட்டானாம். மணி அடித்தபோது பாதித் தாள் வெள்ளையாக இருந்ததாம். இத்தனை நாளும் அதை யாரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறான். “நான் சரியாயிட்டேன்னு நெனச்சுக்காத க்கா” என்றான். “நெனைக்கலடா” என்றேன். அதற்குமேல் நான் பேசவில்லை. வாய் வரைக்கும் வந்தது. அம்மன் அடக்கிவைத்தாள்.

காப்பு அவிழ்த்தார்கள். அவன் திருப்பூர் போகவில்லை. பையைப் பிரித்து அடுக்கவும் இல்லை. குளிக்கிற அன்றைக்கு ஒரு சட்டையை அதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வான். அப்படியே அந்தப் பை காலியானது. துணைத் தேர்வு எழுதினான். பாஸ். பெரிய மார்க் இல்லை. இன்ஜினியரிங் கிடைக்கவில்லை. அரியலூரில் நிலவியல் சேர்ந்திருக்கிறான். பஸ் மாறிப் போய்வருகிறான். கல்லாகிப்போன சிப்பி ஒன்றைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினான். “இதுக்கா அவ்ளோ தூரம் போற?” என்று அம்மா கேட்டாள். அதற்குக்கூடச் சிரித்தான். இன்னும் சில நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறான். அந்த நாட்களில் நான் முறத்தை எடுத்துக்கொண்டு போய் உட்காருகிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படிப் படுத்திருக்கலாம். அவனைத் தனியாக விடாதீர்கள். உதவி கேட்க வெட்கப்படாதீர்கள். அவளிடம் பெரிதாகக் கேட்க உங்களுக்குத் தெம்பு இல்லையென்றால் சின்னதாகக் கேளுங்கள். ஒரு வாசற்படி அளவுக்குக் கேளுங்கள். நம்பிக்கையே வராமல் கேட்டாலும் அவள் கேட்டுக்கொள்கிறாள். எனக்குக் கேட்டுக்கொண்டாள்.

அந்தப் பேனரில் அம்மன் இருந்த பகுதியை அம்மா அளவாக வெட்டிப் பூஜை அறையில் மாட்டிவிட்டாள். மீதியை அப்பா வெங்காயப் பட்டறைமேல் போட்டார். போன வாரம் திடீரென்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. கவின்தான் முதலில் ஓடினான். காற்றில் படபடத்த பேனரை இழுத்துப் பிடித்து, தன் முகத்தின்மேலேயே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினான்:

“க்கா, வருங்கால இன்ஜினியரு நனையறான், அந்த இன்னொரு கல்ல எடுத்துட்டு வா!”