ஆணியில் தொங்கிய சட்டை

வாசகசாலை வேலை என்றால் நிழலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற சுகமான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாசலில் நின்று "நீ வா, நீ போ" என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவர்களுக்கு நான் படும் பாடு புரியும்.

தலைவரின் பலகை

யுத்தம் நடந்த சமயம். புதுக்கோட்டையில் எங்கள் வாசகசாலைக்குப் பேப்பர் வந்துவிட்டால் போதும், ஜட்கா வண்டிக்காரர், கல் உடைப்பவர், சத்திரத்து வாசலில் படுப்பவர் எல்லாரும் ஓடி வருவார்கள். எனக்கு ஒரே குஷி. கமிட்டித் தலைவருக்குத்தான் அவர்கள் வியர்வை ஆகவில்லை. 'மேல்சட்டை இல்லாதவர்கள் உள்ளே வரக் கூடாது' என்று பலகை எழுதி வந்து மாட்டச் சொன்னார். துணியே ரேஷனில் கிடைக்கிறது, சட்டைக்கு எங்கே போவார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். தலைவர் விடவில்லை:

"பொது எடம்னா ஒரு மரியாதை வேணும்ப்பா. நாளைக்கு நானே சட்டையில்லாம வந்தாலும் உள்ள விடாதே."

மீமிசல்காரர்

பேப்பர் படிக்க ஓடி வருகிறவர்களில் ஒருவர் சோலை. ஊர் மீமிசல். வீடு வாசல் எல்லாம் போய், இங்கே சத்திரத்து வாசலில் படுத்திருந்தார். அவருக்கு இருந்த ஒரே உறவு பினாங்கில் வேலைக்குப் போன தம்பி. ஜப்பான்காரன் அங்கே புகுந்த பிறகு கடுதாசியே இல்லை. பினாங்கைப் பற்றி ஒரு வரியாவது வந்திருக்காதா என்று தினமும் பேப்பரைத் துழாவுவார். கோயிலுக்குள் நுழைகிற மாதிரி, தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் வாசகசாலைக்குள் காலை வைப்பார். அப்படிப்பட்ட மனிதரை நான் தடுக்க வேண்டியதாயிற்று. மறுநாளே என் பழைய கட்டம் போட்ட சட்டையைக் கொண்டுவந்து பலகைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். போட்டுக்கொண்டு படியுங்கள், போகும்போது மாட்டிவிட்டுப் போங்கள் என்றேன். அவர் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னார்:

"சட்டை ஒங்களுது, கண்ணு என்னுது. தம்பி சேதி வந்தா ரெண்டு பேருக்கும் பாதிப் பாதிங்க."

பெரிய படிப்பாளி

அப்புறம் பார்க்க வேண்டுமே, அந்தச் சட்டைக்கு வந்த கிராக்கியை. உள்ளே ஒருவர் படிப்பார், வெளியே நாலு பேர் காத்திருப்பார்கள். "யோவ், வெளம்பரத்தையெல்லாம் படிக்காதய்யா, கழட்டு" என்று ஜன்னல் வழியாகச் சத்தம் வரும். ஜட்காக்காரர் போட்டதில் இரண்டு பொத்தான் தெறித்தது. தெருவில் போகிற தலைவரும் தினமும் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார், குனிந்த முதுகு மட்டும் தெரியும். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்:

"கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருத்தர் காலையிலேருந்து பொழுதுசாயிற வரைக்கும் படிக்கிறாரே. பெரிய படிப்பாளிப்பா அவர்."

கோயிலிலிருந்து வந்தவர்

யுத்தம் முடிந்தது. ஒரு நாள் காலையில், பினாங்கிலிருந்து கப்பல் விடுகிற செய்தி பேப்பரில் வந்திருக்கிறது என்று கடைவீதி முழுக்கப் பேச்சு. சோலை அப்போதுதான் சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். பின்னாலேயே தலைவர் ஓடி வந்தார். அவருடைய மாப்பிள்ளையும் பினாங்கில்தான். மகள் அழாத நாள் இல்லை. சேதியைக் கோயிலில் கேட்டவர் அப்படியே வந்துவிட்டார். நெற்றியில் திருநீறு, இடுப்பில் துண்டு, வெறும் மார்பு. அவர் சொல்லிவைத்தபடியே நான் எழுந்து, "ஐயா, சட்டை" என்றேன். தலைவர் தன் பலகையைத் தானே படித்துவிட்டு அப்படியே நின்றார்.

சோலை வெளியே வந்து சட்டையைக் கழற்றி நீட்டினார். "நீங்க மொதல்ல பாருங்கய்யா, அங்கிட்டு மகள் காத்துக்கிட்டு இருக்கும்." தலைவர் கட்டத்தைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். பேப்பரை விரித்த பிறகுதான் மூக்குக்கண்ணாடி வீட்டில் இருப்பது நினைவுக்கு வந்தது. எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"படிப்பாளி, உள்ள வந்து நீங்க வாசிங்க" என்று சோலையைக் கூப்பிட்டார். "சட்டை ஒங்ககிட்ட இருக்குங்களே" என்று சோலை படியிலேயே நின்றார். தலைவர் என் பக்கம் திரும்பினார்:

"அந்தப் பலகைய மொதல்ல கழட்டுப்பா. எந்தப் புத்திசாலி அதை மாட்டச் சொன்னான்?"

கப்பல் நாகப்பட்டினம் வந்தது, தம்பியும் மாப்பிள்ளையும் அதிலேயே வந்து இறங்கினார்கள், பலகை மட்டும் திரும்பி வரவே இல்லை. ஆனாலும் சட்டையை நான் ஆணியிலேயே விட்டுவைத்தேன், தலைவர் அடிக்கடி கோயிலுக்குப் போகிறவர் ஆயிற்றே.