சூடு தெரியாத கால்கள்

என் அண்ணா ஹைகோர்ட் வக்கீல். நீரிழிவு இல்லாத வக்கீலை மயிலாப்பூரில் வக்கீலாகவே மதிக்காத காலம் அது. "நேக்கும் வந்துடுத்துடா" என்று, ஜட்ஜ் பதவி கிடைத்தவர் போலத்தான் என்னிடம் சொன்னார். பத்தியம் கிடையாது. இன்சுலின் ஊசி மதராசுக்கு வந்துவிட்டிருந்தது. "குதிரைக்குப் போடற மாதிரி என்னைக் குத்தறதாவது!" என்று மறுத்துவிட்டார்.

சில வருஷங்களில் பாதங்கள் எரிந்தன, பிறகு மரத்துப்போயின. டாக்டர் உள்ளங்காலில் ஊசியால் குத்திப் பார்த்தார். அண்ணா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நரம்பு செத்துப்போச்சு சார். செருப்பில்லாம நடக்காதீங்கோ" என்றார் டாக்டர். எரிச்சல் நின்றதால் வியாதியே போய்விட்டதென்று அண்ணா தீர்ப்பெழுதிக்கொண்டார்.

அந்தப் பங்குனித் திருவிழாவில், உச்சி வெயிலில், மாட வீதி நாலையும் வெறுங்காலோடு சுற்றினார். மற்றவர்கள் நிழலுக்கு நிழல் குதித்தார்கள். இவர் மாப்பிள்ளை அழைப்பில் போவதுபோல நடந்தார். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் நடுத்தெருவில் அவர் காலில் விழுந்தார்.

"பக்தின்னா இதுதான் பக்தி!"

"எல்லாம் அவன் கிருபை" என்றார் அண்ணா, காலை இன்னும் கொஞ்சம் நீட்டி.

வீட்டுக்கு வந்ததும், கூடத்தில் இரத்தச் சுவடுகளை முதலில் பார்த்தவள் அவர் மனைவி, என் மன்னி. பாதத்தைத் தூக்கிப் பார்த்தோம். மாட்டு லாட ஆணி ஒன்று குதிகாலில் தலைவரை இறங்கியிருந்தது. சுற்றிலும் கொப்புளங்கள்.

"ஏன்னா, வலிக்கலையா?" என்று மன்னி அலறினாள்.

"வலிச்சா அது என்ன பக்தி?"

ஆணியை நான்தான் பிடுங்கினேன். டாக்டரைக் கூப்பிட விடவில்லை, விபூதி போதுமாம். புண் சீழ் வைத்தது. அண்ணாவைத் தரிசிக்க வந்தவர்கள் எல்லாரும் படித்தவர்கள், பி.ஏ., பி.எல். அங்கவஸ்திரத்தால் மூக்கை மூடிக்கொண்டு தெய்வ கடாட்சம் பேசினார்களே தவிர, நாற்றத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கால் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரி. கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள்.

தாசில்தார் பார்க்க வரவில்லை. "பூர்வ ஜன்ம பாவம்" என்று குளக்கரையில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அதன்பின் அண்ணா ஊசிக்கு ஒப்புக்கொண்டார். கட்டைகளை ஊன்றிக்கொண்டு இன்னும் சில வருஷம் இருந்தார். மன்னி தினமும் காலையில் மிச்சமிருந்த காலைக் கழுவி, விரலிடுக்குகளை விலக்கிப் பார்ப்பாள்.

"பாத பூஜை பண்றா பாருடா" என்று ஒருநாள் என்னிடம் சிரித்தார்.

மன்னி நிமிரவில்லை. "சித்த ஆடாம இருங்கோ. இங்கே ஒரு கீறல் இருக்கு" என்றாள்.